வீட்டுக்காரருக்கு வாங்கிய மலை வைன்

அன்றைக்கு எனக்கிருந்த வேலை ஒன்றுதான். ஒரு போத்தல் வைன் வாங்க வேண்டும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். பிரெஞ்சு பேசும் குளிர்நகரம் ஒன்றின் வில்லரேப் பகுதியில், ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். மனைவி இறந்தபின் தனிக்கட்டை. நவம்பர் பிறந்தும் படுக்கையறை ஹீட்டர் வேலை செய்யவில்லை. கீழே குடியிருந்த வீட்டுக்காரர், ஒரு பிரெஞ்சுக் கிழவர், ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஹீட்டர் கதையை எடுக்க இதைவிட நல்ல நேரம் வராது.

"வெறுங்கையோட போகாதேங்கோ அண்ணை. அவங்களுக்கு வைன்தான் மரியாதை," என்றான் கூட வேலை செய்த அந்தோனி.

வைன் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் ஒரு போத்தலை ஏந்தி வந்தாள். வெள்ளை வைன். உயரமான மலைத் தோட்டமாம். சுண்ணாம்புக்கல் தரையாம். இரசாயனம் படாத திராட்சையாம். "அந்தக் கல்லின்ர ருசி நாக்கில தெரியும்," என்றாள்.

யாழ்ப்பாணத்துக் கிணறெல்லாம் சுண்ணாம்புக்கல்தான். கேத்தில் அடியில் படியும் அந்த ருசியைப் பாதி ஆயுள் சுரண்டி எறிந்தவன் நான். இப்போது காசு கொடுத்து வாங்கினேன்.

"குளிரில வையுங்கோ," என்றாள். படுக்கையறையில் வைத்தேன்.

ஞாயிறன்று வீட்டுக்காரர் கிளாசுக்குள் மூக்கை விட்டு மோந்தார். ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினார்.

"சுண்ணாம்பு," என்றார், பூசையில் சொல்வதுபோல.

நானும் குடித்தேன். புளித்த தேசிக்காய்த் தண்ணீர்.

"ஓமோம், சுண்ணாம்பு," என்றேன், வெட்கமில்லாமல்.

"இவ்வளவு பதமா எப்பிடிக் குளிர வைச்சனீங்கள்?"

கேட்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவரைக் குறை சொல்ல நாங்கள் பழகவில்லை. மனைவி இருந்திருந்தால் வாசலிலேயே கேட்டு முடித்திருப்பாள். நான் சுற்றி வளைத்தேன்.

"எல்லாம் உங்கட அறையின்ர புண்ணியம், மெஸ்ஸியே. பிரிஜ்ஜே தேவையில்லை."

அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். விளங்கிவிட்டது என்று எனக்குள் ஒரே சந்தோசம்.

"இரவிலயும் அதே குளிரோ?"

"மாறவே மாறாது."

"ஹீட்டர்?"

"அது மூச்சே விடுறேல்லை," என்று மரியாதைக்குச் சிரித்தும் வைத்தேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "மன்னியுங்கோ, எனக்கு இது தெரியாமல் போச்சு. நாளைக்கே வாறன்."

மறுநாள் காலை படியில் கலகலவென்று சத்தம். ஹீட்டர் திருத்த ஆயுதப் பெட்டியோடு வருகிறார் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

இரண்டு பெட்டி நிறைய வைன் போத்தல்.

"கீழ என்ர நிலவறை சரியான வெக்கை," என்றார். "இப்பிடி ஒரு அறையை எத்தனை வருசமாத் தேடினனான் தெரியுமோ? அந்த ஹீட்டரை மட்டும் ஒருத்தரையும் தொட விடாதேங்கோ."

அந்தக் குளிர்காலம் முழுவதும் படுக்கையறையில் அவருடைய வைன் படுத்திருந்தது. நான் கோட்டோடு குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தேன்.

வாடகையை மட்டும் நான் கட்டினேன்.