பால் மெஷினுக்கு இலை போட்ட குழு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் ஓய்வெடுத்துக்கொண்டு, சென்ற ஆண்டு பாலக்காட்டில் 'நிரல் வீக்கத் தடுப்பு உயர்நிலைக் குழு'வைக் கண்டுபிடித்தது. அந்தக் குழுவின் நிரந்தரச் செயலாளர் என்ற முறையில் இந்த வரலாற்றை எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு. நிரல், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், எழுதத் தெரியாது என்பதால் நடுநிலைமையும் உண்டு.

எங்கள் 'நிறைகலம் சாஃப்ட்வேர்' கல்பாத்திக்குப் போகும் வழியில் ஒரு நகைக்கடையின் மாடியில் இயங்குகிறது. அதிபர் ஹரிநாராயணன் சார். எங்கள் தயாரிப்புகளில் தலையாயது பால் மெஷின் நிரல். மீனாட்சிபுரம் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றில் விடியற்காலையில் பாலை ஊற்றினால், கொழுப்பு எவ்வளவு என்று மெஷின் சொல்லும். சொன்ன பிறகுதான் அந்தப் பாலைக் கேனில் சேர்ப்பார்கள். கேன்களை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படும். வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. அடுத்த ஊரிலும் மாடுகள் உண்டு.

அந்த வண்டிதான் எங்களுக்கு வினையாக வந்தது. எங்கள் நிரலின் புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து மெஷின் கண் விழிக்கத் தாமதமாகிறதாம். அது விழிப்பதற்குள் வண்டி போய்விடுகிறதாம். நாச்சம்மாள் என்று ஒரு அம்மாள், நாலு கறவை மாடு வைத்திருப்பவர், ஒரே வாரத்தில் இரண்டு முறை பாலைத் திரும்ப வீட்டுக்குச் சுமந்து போயிருக்கிறார். சங்கத் தலைவர் பூபதிராஜா போனில் பணிவாகத்தான் பேசினார். "ஏனுங்க, மெஷினுங்க எந்திரிக்கறதுக்குள்ள மாடு மறுக்காக் கறக்குமாட்ட இருக்குதுங்க. இன்னொருக்கா வண்டி போச்சுன்னா மெஷின உங்க ஆபீசுக்கே அனுப்பிருவோமுங்க. சனங்க பாலைத் தமிழ்நாட்டுத் தனியார்காரனுக்கு ஊத்திக்குவாங்க."

இந்த இடத்தில் கம்பைல் என்ற சொல்லை வாசகர்களுக்கு விளக்குவது என் கடமை. நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கும் எழுத்து. அதை மெஷின் விழுங்கும்படி உருண்டை பிடித்துத் தருவதுதான் கம்பைல். உருண்டை பிடித்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. லட்டைப் பிய்த்து முந்திரி தேடுவது மரியாதையுள்ள வீட்டார் செய்யும் காரியமா?

செல்வலட்சுமி செய்தார். ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்து எங்களிடம் சோதனைப் பொறியாளராகச் சேர்ந்தவர். ஒவ்வொரு முறை கம்பைல் ஆனதும் தானாகவே இயங்கி, உருண்டையைப் பிய்த்துப் பார்க்கும் சோதனை ஒன்றை எழுதினார். உருண்டை அளவோடு இருந்தால் திரையில் பச்சை. மெஷின் விழுங்கி எழத் தாமதமாகும் அளவுக்கு ஊதியிருந்தால் சிவப்பு. முதல் நாளே திரை கோவில் குங்குமம்போலச் சிவந்தது.

உள்ளே கிடந்தவை வருமாறு: தேயிலைக் கொழுந்தை எடைபோட்டு ஈரம் கழிக்கும் பகுதி. மூணாறு ரிசார்ட் ஒன்றின் நீச்சல் குளம் மூடும் நேரத்தை அறிவிக்கும் பகுதி. தேர்த் திருவிழாவில் 'தேர் வருகிறது, பக்தர்கள் வழிவிடவும்' என்று அதிபரின் சொந்தக் குரலில் முழங்கும் பகுதி. இவற்றை யாரும் திருட்டுத்தனமாக நுழைக்கவில்லை. பழைய நிரலை அப்படியே எடுத்து அதன் தலையில் புதியதைக் கட்டுவது எங்கள் நிறுவன மரபு. முன்னோரை நீக்கிவிட்டு வம்சம் வளர்ப்பவர் உண்டோ?

இதற்கென்றே அதிபர் தலைமையில் அமைந்த குழு உடனே கூடியது. எது 'வேண்டாதது' என்பதற்கு முதலில் வரையறை வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். செல்வலட்சுமி எழுந்து ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "யாரும் கூப்பிடாம, ஒரு வேலையும் செய்யாம, எடத்த மட்டும் அடைச்சிட்டு உள்ள கெடக்கு பாருங்க சார், அதான்." இவ்வளவு சுருக்கமான வரையறையை வைத்துக்கொண்டு இரண்டாவது கூட்டத்தை எப்படி நடத்துவது? நிராகரித்தோம்.

பிறகு ஒவ்வொன்றாகப் பரிசீலித்தோம். கொழுந்து எடை எங்கள் நிறுவனத்தின் முதல் தயாரிப்பு. அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. நீக்கினால் நன்றி கொன்ற பாவம். நீச்சல் குளத்தின் உரிமையாளர் அதிபரின் சம்பந்தி. நீக்கினால் என்ன ஆகும் என்பதைக் கல்யாணமான பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள். தேர் அறிவிப்பை நீக்கலாமா என்று அதிபரின் முகத்தைப் பார்த்துக் கேட்க ஆள் இல்லை.

"எங்க ஏலப்பாறையிலகூடக் கொழுந்தப் பறிச்சு நேராப் பால்ல போட மாட்டாக சார்" என்றார் செல்வலட்சுமி.

ஹரிநாராயணன் சார் சிரித்தார். பெரிய மனிதர். கோபிக்கவே மாட்டார்; நினைவில் மட்டும் வைத்துக்கொள்வார். "நீ சத்யை விருந்துக்குப் போயிருக்கியோ? இலை போட்டா ஓலன், காளன், எரிசேரி, எல்லாம் வெளம்பணும். உனக்கு ஓலன் பிடிக்காதுங்கறதுக்காக ஓலன் இல்லாம இலை போட முடியுமோ? சாப்பிடறதும் சாப்பிடாததும் அவாவா இஷ்டமாக்கும். இலை நெறஞ்சிருக்கணும், கேட்டியா?"

"வாழையிலைன்னாச் சரி சார். அந்த மெஷினோட சிப்பு வெத்தலை அளவு. அதுல அத்தனை கறியும் வச்சா, சோத்த எங்க சார் வைக்க?"

இந்தக் கேள்வி குழுவின் அதிகார வரம்புக்குள் வரவில்லை.

ஆயினும் திரை சிவப்பாகவே இருந்தது. விருந்தாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அப்போதுதான் என் வாழ்வின் சிகரமான யோசனை உதித்தது. தொப்பை பெருத்தவன் வயிற்றை வெட்டிக்கொள்வதில்லை. பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்குப் போகிறான். அதேபோல், எந்த அளவைத் தாண்டினால் சிவப்பு என்று சோதனையில் இருக்கிறதோ, அந்த அளவை உயர்த்திவிடலாம் என்றேன். கைதட்டல். உயர்த்தினோம். அந்த நொடியே திரை நாற்றங்கால்போலப் பச்சை. வீக்கம் ஒழிந்தது.

இத்தகைய சாதனையை ஊர் அறிய வேண்டாமா? மெஷின் ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும், 'இந்நிரல் வீக்கமற்றது என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது' என்ற சான்றிதழும், குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் வண்ணப் படமும், மலையாளத்திலும் தமிழிலும் அதிபரின் வாழ்த்துரையும் வரும்படி ஏற்பாடு செய்தோம். சான்றிதழ் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. அதான் பச்சையாக இருக்கிறதே.

சான்றிதழ் பெற்ற பதிப்பைத் தொடங்கிவைக்கக் குறித்த விடியற்காலையில் குழு முழுவதும் இரண்டு கார்களில் சங்கத்துக்குப் போய் இறங்கியது. பூபதிராஜாவுக்குப் பொன்னாடை கொண்டுபோயிருந்தோம். பால்காரர்கள் தூக்குப் போசிகளுடன் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நாச்சம்மாள். சாலையோரம் வண்டி நின்றது. டிரைவர் பீடியை அணைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

மெஷின் விழித்தது. சான்றிதழ் வந்தது. அதிபரின் படம் மெல்ல மலர்ந்தது. வாழ்த்துரை மலையாளத்தில் தொடங்கி, தமிழுக்கு வந்து, என் படத்தில் தலைமுடி மட்டும் தெரிந்த வேளையில் மின்சாரம் போயிற்று. உடனே திரும்பியும் வந்தது. மெஷின் மறுபடியும் சான்றிதழிலிருந்து தொடங்கியது.

நாச்சம்மாள் வரிசையை விட்டு முன்னால் வந்து திரையை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க சாமி, இது பால் மெஷினுங்களா, கல்யாண ஆல்பமுங்களா?"

"உங்கள் நன்மைக்காகச் சோதிக்கப்பட்டது அம்மா" என்று விளக்கினேன்.

"சோதிச்சது போதுமுங்க. இன்னைக்கும் பாலு திரும்புச்சுன்னா நான் ஒரு மாட்ட வித்துப்போடோணும். எந்த மாட்டைன்னு நீங்களே வந்து சொல்லிருங்க."

இதற்குக் குழு கூடித்தான் பதில் சொல்ல முடியும். வண்டி ஹாரன் அடித்தது. பூபதிராஜா எங்களைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற செல்வலட்சுமியைப் பார்த்தார். "அம்மிணி, உங்ககிட்ட வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. கைப்பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு பென் டிரைவை எடுத்து மெஷினில் செருகினார். குழுவின் ஒப்புதல் இல்லாத நிரல். மெஷின் அணைந்து, உடனே விழித்தது. திரையில் இரண்டே சொற்கள்: 'பால் ஊற்றவும்'. சான்றிதழ் இல்லை, வாழ்த்துரை இல்லை, ஒரு வணக்கம்கூட இல்லை. நான் கூச்சத்தால் தலைகுனிந்தேன்.

பால்காரர்கள் கூச்சமே இல்லாமல் ஊற்றினார்கள். வரிசை நகர்ந்த வேகத்தில் எங்கள் பொன்னாடை காலில் மிதிபட்டது. வண்டி கிளம்பி உருண்ட பிறகு நாச்சம்மாளின் பால் சேர்ந்த கேனை ஓடியபடியே ஏற்றினார்கள். அவர் காலிப் போசியைக் கவிழ்த்து உதறிவிட்டு, செல்வலட்சுமியின் கன்னத்தைத் தொட்டார். எங்களைத் தாண்டிப் போகும்போது, "தள்ளுங்க சாமி, வழியில நிக்காதீங்க" என்றார்.

அன்று மதியமே அவசரக் கூட்டம். ஹரிநாராயணன் சார் மிதிபட்ட பொன்னாடையை மேஜைமேல் விரித்தார். "ஊர் கூடின எடத்துல வெறும் சாதத்தை மாத்ரம் வெளம்பிட்டு வந்திருக்கா. நம்ம மானம் போச்சு." இத்தனை நாளாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த வேண்டாத பகுதி அப்போது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புலப்பட்டது. ஏகமனதாக வேலையிலிருந்து நீக்கினோம். எங்கள் நிறுவனம் தன் உருண்டையிலிருந்து எதையாவது எடுத்தெறிந்தது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

செல்வலட்சுமி இப்போது மீனாட்சிபுரத்திலிருந்து வடகரப்பதி வரை சங்கம் சங்கமாகப் போய் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறாராம். நாச்சம்மாள் மாட்டை விற்கவில்லை. ஐந்தாவதாக ஒன்றை வாங்கியிருக்கிறாராம். 'உங்க ஆளுங்க வரவேண்டாமுங்க' என்று பூபதிராஜா மட்டும் ஒரு முறை போன் செய்தார்.

குழுவோ முன்னிலும் சிறப்பாக இருக்கிறது. அவர் போன பிறகு எங்கள் திரை ஒரு நாளும் சிவந்ததில்லை. உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறோம். பக்கத்து அறைச் சுவரை இடித்துக் கூட்ட அரங்கைப் பெரிதாக்கியிருக்கிறோம். வெள்ளிதோறும் கூடுகிறோம், இலை போட்டு, ஓலனோடு. எந்த ஊர்ச் சங்கமும் எங்களைக் கூப்பிடுவதில்லை. செய்வதற்கும் ஒரு வேலையும் இல்லை. மாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு உள்ளே நிம்மதியாக இருக்கிறோம்.