கழுத்தில்லாத ஸ்வெட்டர் பற்றி மச்சானுக்கு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன், தெரிந்தே ஒரு பிழையோடு கடிதத்தைத் தொடங்க முடியாது. ஆகவே தாங்களும் அக்காவும் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு, இங்குள்ள நிலைமைக்கு வருகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

தங்கள் தங்கைக்குப் பழைய பின்னல் குறிப்புகள் தேடும் பைத்தியம் உண்டென்று தங்களுக்குத் தெரியும். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் கம்பளி நூல் வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சின்னப் புத்தகங்கள், வார இதழில் கிழித்த பக்கங்கள், யாரோ நோட்டில் எழுதிவைத்த குரோஷே கணக்குகள், இவற்றுக்காகப் பழைய பேப்பர் கடைகளில் தலையை நுழைத்துத் தூசியோடு திரும்பி வருவாள். கிடைத்ததைத் தெளிவாக டைப் அடித்துப் போனில் ஒரு குழுவில் போடுவாள். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தலைவி ஒரு ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. எல்லோரும் விசில் டீச்சர் என்பார்கள். இவ்வளவு தேடலிலும் அவள் எட்டு வருடமாக விடாமல் தேடியது ஒன்றைத்தான். ஒரு வயதில் தாங்கள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ இருக்கிறதே, அதில் போட்டிருக்கும் இலைப் பின்னல் ஸ்வெட்டர். நம் பெண்ணுக்கு இன்னும் ஏழு வாரத்தில் பிரசவம். பிறக்கும் குழந்தைக்கு அதே ஸ்வெட்டர்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

நின்றவளுக்குக் கிடைத்தும் விட்டது. இவள் சொல்லிவைத்திருந்த தையல் மெஷின் மெக்கானிக் ஒருவர், ஒரு நர்ஸம்மா வீட்டில் மெஷினைக் கழற்றும்போது, அதன் கால் ஆடாமல் இருக்க அடியில் எதையோ மடித்து வைத்திருப்பதைப் பார்த்தாராம். எடுத்துப் பிரித்தால் இருபத்து நான்கு பக்கப் புத்தகம். பதினோராம் பக்கத்தில் அந்த ஸ்வெட்டர். தங்கள் தங்கை அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்த மாதிரி, நம் பெண் பிறந்தபோது அவளைக்கூடத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நர்ஸம்மா ஒரு வார இரவல் கொடுத்திருந்தார்.

இங்கேதான் மச்சான், என் கெட்ட நேரம் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டது. "உங்களுக்குத்தான் சும்மா உக்காந்திருக்க முடியலையே, இதை டைப் அடிச்சுக் கொடுங்க. உள்ளபடியே அடிங்க" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பிவந்து, "உள்ளபடியே" என்று இன்னொரு தடவை சொன்னாள். ஓய்வு பெற்ற இரண்டு வருடத்தில் என்னிடம் ஒருவர் ஒரு பக்கத்தை நீட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன சந்தோஷம் என்று எழுதினால் தாங்கள் சிரிப்பீர்கள். மேஜையைத் துடைத்தேன். பழைய ஸ்கேலை எடுத்தேன். சிவப்பு மையைக்கூட ரொப்பினேன்.

படித்தால், மச்சான், அது புத்தகமா அது! கையைப் பின்னும் பகுதியில், "இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணி குறைக்கவும். அடுத்த வரிசையைக் குறைக்காமல் பின்னவும்" என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது தடவை வந்திருந்தது. (கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல் வளையமாம்.) அச்சுக் கோத்தவர் தூங்கி வழிந்திருக்கிறார் என்று முடிவு கட்டி, எட்டு வரிகளை நீக்கினேன். கழுத்துப் பகுதியில், "நடுவில் பதினெட்டுக் கண்ணிகளை விட்டுவிடவும்" என்றிருந்தது. செய்கிற வேலையைப் பாதியில் விட்டுவிடு என்று ஒரு புத்தகம் வாசகருக்குச் சொல்லலாமா? "விட்டுவிடாமல் பின்னவும்" என்று திருத்தினேன். அத்தோடு நின்றேனா? இரவல் புத்தகம், திருப்பிக் கொடுக்கும்போது பிழையில்லாமல் கொடுப்பதுதான் மரியாதை என்று, அந்த எட்டு வரிகளின் மேலும் கழுத்து வரியின் மேலும் வெள்ளை மை பூசினேன். அழகாகப் பூசினேன். கடைசியில் டைப் அடித்த பிரதியின் கீழே "பிழை நீக்கிய பதிப்பு" என்று போட்டு, என் போன் நம்பரையும் சேர்த்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்து குழுவுக்கு நானே அனுப்பிவிட்டேன். அவள் வந்து பார்த்துப் பெருமைப்படுவாள் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் முதல் போன் வந்தது. யாரோ ஒரு பெண், பாவம், மிகவும் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், நீங்க சொன்னபடியே பின்னி முடிச்சிட்டேன். குழந்தையை எந்த வழியா உள்ள விடறது?"

"கழுத்து வழியாத்தான்" என்றேன்.

"அது எங்க சார் இருக்கு?"

அதற்குப் பிறகு படங்கள் வரத் தொடங்கின. நாலு பக்கமும் அடைத்த, இரண்டு தலையணை உறைகளை ஒட்டவைத்த மாதிரியான பொருள்கள், பச்சையில், மஞ்சளில், ரோஸில். ஒருவர் தன் பூனையை ஒரு கைக்குள் விட்டுப் படம் எடுத்திருந்தார். பூனைக்கு அந்தப் பக்கம் இன்னும் இடம் இருந்தது. விசில் டீச்சர் கூப்பிட்டார். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பேசுகிற குரல் அவருக்கு.

"சார், நீங்க பண்ணது ஸ்வெட்டர் இல்ல, காய்கறிப் பை!"

"அம்மா, மூலத்துல ஒரே வரி ஒன்பது தடவை..."

"ஒன்பது தடவை குறைச்சாத்தான் சார் கை சின்னதாகும்! உங்க கை என்ன, தோள்லேருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே சுற்றளவா?"

போனை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன் மச்சான். இல்லை. அறுபத்திரண்டு வருடமாக என்னோடேயே இருக்கிற கை, நான் ஒருநாள் கவனித்ததில்லை.

சரி, மூலத்தைப் பார்த்துத் திருத்தி அனுப்பிவிடலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். நான் பூசிய வெள்ளை மை கல் மாதிரி இறுகியிருந்தது. பிளேடால் சுரண்டினேன். மை வந்தது, காகிதமும் கூடவே வந்தது. பதினோராம் பக்கத்தில் இப்போது சன்னல் மாதிரி இரண்டு ஓட்டைகள். அவற்றின் வழியே பதின்மூன்றாம் பக்கத்துக் குழந்தைத் தொப்பி தெரிகிறது. ஒன்பது என்றுதான் ஞாபகம், ஆனால் அது சரிதானா, நீக்கிய வரிகளுக்கு நடுவே வேறு ஏதாவது வார்த்தை இருந்ததா, எனக்கு எதுவும் நிச்சயமாக நினைவில்லை. ஒரு தடவை பிழை விட்டவனுக்குத் தன் நினைவின்மேல் எப்படி நம்பிக்கை வரும்?

இனி எழுதப்போவதைத்தான் தாங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இரும்பு அலமாரியின் அடித்தட்டில், பழுப்புக் காகிதத்தில் சுற்றி ஒரு நீலக் குழந்தை ஸ்வெட்டர் இருந்தது. அதே இலைப் பின்னல். தாங்கள் போட்டிருந்ததுதான், வேறு என்னவாக இருக்கும்? அதை முடிவிலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டே, ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை கண்ணி என்று எழுதிக்கொண்டால் குறிப்பு முழுசாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவள் காலையிலேயே வெளியே போயிருந்தாள். வலது கையிலிருந்து தொடங்கினேன். முதல் பத்து வரிசை பிரமாதமாகப் போயிற்று. அப்புறம் வாசல் மணி அடித்தது, மீட்டர் பார்க்க வந்தவர். எழுந்தபோது நூல் நுனி என் சட்டைப் பித்தானில் மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது. வாசலுக்குப் போய், மீட்டரைக் காட்டி, அவரோடு நாலு வார்த்தை பேசி, திரும்பும்போது கூடம் முழுக்க என் பின்னாலேயே நீல நூல் சுருள் சுருளாக வந்திருந்தது. மேஜைமேல் மிச்சம் இருந்தது ஒரு பித்தானும் அதைச் சுற்றி உள்ளங்கையளவு பின்னலும். தங்கள் குழந்தைப் பருவத்தை, மச்சான், நான் வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கள் தங்கை உள்ளே வந்தாள். நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றோடு இன்று பத்து நாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தாறு வருடத்தில் எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை; ஆனால் அவள் கோபம் சத்தமாக வரும், சமையல்கட்டில் தொடங்கிக் கூடத்தைச் சுற்றி வாசலில் முடியும், பிறகு காப்பி வரும். இது அப்படி இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் சீட்டில் எழுதி மேஜையில் வைக்கிறாள். "பால் பொங்குகிறது." "குடை எடுத்துப் போகவும்." ஒவ்வொன்றிலும் முற்றுப்புள்ளி. என்னிடம் முற்றுப்புள்ளி வைத்துப் பேசியே பழக்கமில்லாதவள்! நான் பேசினால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். நேற்று வேண்டுமென்றே அவளுக்குப் பிடிக்காத பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே போய் நின்றேன், திட்டாவது திட்டட்டும் என்று. பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வீடு இவ்வளவு பெரியது என்று இதுவரை எனக்குத் தெரியாது. குழுவிலிருந்தும் போன் வருவது நின்றுவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் என்னைக் கைகழுவிவிட்டார்கள் போலிருக்கிறது. இவ்வளவையும் விட, அவள் எட்டு வருடம் தேடிய ஒன்றை என் கையில் நம்பிக் கொடுத்தாளே, அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இரண்டு. ஸ்வெட்டருக்காக என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் போட்டோவோடு ஒரு நடை வந்து, பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணிகளை எண்ணவும், தங்கையை ஒரு வார்த்தை பேசவைக்கவும் உதவ வேண்டும். அது என்ன வார்த்தையாக இருந்தாலும் சரி.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகளுக்கு ஆசிகள். என் ஆசி பலிக்குமா என்று இப்போது எனக்கே சந்தேகம், இருந்தாலும் ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையிடம் பேச்சிழந்து நிற்கும்,
மைத்துனன்.

பின்குறிப்பு: அண்ணா, இது நான். இவர் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். கடிதம் மேஜையிலேயே கிடந்தது. படித்துவிட்டுப் பயந்துவிடாதே. எனக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்று காலை தொண்டை டாக்டரிடம் போனேன். பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்றார். வந்த உடனே அதைச் சீட்டில் எழுதி இவரிடம் கொடுத்தேன். ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே இல்லை.

இவர் பிரித்தது உன் ஸ்வெட்டர் இல்லை. அது கையில் இருந்தால் நான் ஏன் எட்டு வருஷம் குறிப்பைத் தேடி அலைகிறேன்? இது நான் போட்டோவைப் பார்த்துப் பின்னிப் பார்த்து, கோணலாக வந்ததென்று ஒதுக்கி வைத்தது. உன்னுடையதை நீ இரண்டு வயதில் கழற்றி எங்கோ எறிந்துவிட்டாய் என்று அம்மா சொல்வாள். புத்தகத்தின் இருபத்து நான்கு பக்கத்தையும் இவரிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே போனில் படம் எடுத்துவிட்டேன். முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேனே! புகார் வந்த அன்றே சரியான பக்கம் குழுவுக்குப் போய்விட்டது. நர்ஸம்மா மெஷினுக்கு வேறு அட்டை வைத்துக்கொண்டார். இவர் சும்மா உட்கார்ந்து மருந்துச் சீட்டை எல்லாம் திருத்திக்கொண்டிருந்தார், பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால்தான் டைப் அடிக்கக் கொடுத்தேன். ஸ்வெட்டர் பின்னி முடித்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. கழுத்து இருக்கிறது.

டாக்டர் சொன்ன கெடு நேற்றோடு முடிந்தது. குரல் நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் இவர் பத்து நாளாகத் தானே எழுந்து காப்பி போடுகிறார், வீடு பெருக்குகிறார், நான் எதிரே வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அதனால் இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம் என்றிருக்கிறேன். நீ வந்து கெடுத்துவிடாதே.