பின்னாடி நிக்கறவங்களும் தெரியற கேமரா

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஈஸ்வர் அவர்களுக்கு,

மல்லசமுத்திரத்தில் இருந்து உங்கள் மச்சான் காளியண்ணன் வணக்கத்தோடு எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், அதை நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. புனேயில் நீங்களும் குடும்பமும் சுகமாக இருக்க முனியப்பன் துணையிருக்கட்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் அண்ணனைப் பற்றிப் பேச்சை எடுத்தால் பாதியில் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு துண்டைத் தேடுகிறேன், நீங்களோ "சிக்னல் இல்லீங்களா மச்சான்?" என்று கேட்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் கேமரா. வாங்குவதற்கு முன்னால் பழகிப் பாருங்கள் என்று நீங்கள் அனுப்பிவைத்த உங்கள் பழைய டிஎஸ்எல்ஆரை இந்தக் கடிதத்தோடு கொரியரில் திருப்பி அனுப்புகிறேன். நான் சட்டைப்பையில் போடுகிற சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். "பெருசு பெருசுதானுங்க மச்சான், முகம் அப்படியே கண்ணாடியாட்டம் வரும்" என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. முகம் வருகிறது. யாருடைய முகம் என்பதில்தான் எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை.

எங்கள் அண்ணன் அம்மாசி போனது உங்களுக்குத் தெரியும், போன விதமும் தெரியும், தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர் ஸ்விட்ச் பெட்டிக்குக் கீழேயே உட்கார்ந்த மாதிரி போய்விட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வண்டி மழைச்சேற்றில் அவர் வீடு இருக்கிற தோட்டத்துப் பாதையில் போகாது என்று டிரைவர் கைவிரித்துவிட்டதால், ஊருக்குள்ளே எங்கள் வீட்டு வாசலில் கிடத்தினோம். இதுவரை நீங்கள் கேட்டது. கேட்காதது இனிமேல்தான். அழுகைக்கு நடுவில் பிளக்ஸ் கடை மாதேஷ் வந்து, "பேனருக்கு நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க, மூஞ்சி பெருசாத் தெரியற மாதிரி" என்றான். அப்போதுதான் மாப்பிள்ளை, எங்கள் அண்ணனுக்கு ஒரு போட்டோ இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. ஆதார் கார்டில் இருப்பது அவர்தான் என்று அரசாங்கம் சொல்கிறது, அவர் சம்சாரம், எங்கள் அண்ணி மயிலம்மாள் நங்கையா ஒத்துக்கொள்ளவில்லை. போர்வெல் வண்டி ஓட்டிய காலத்து லைசென்ஸில் முகம் இருந்த இடம் வேர்வையில் வெளுத்துக் கிடக்கிறது. சரி, நம்ம பொண்ணு பிரீத்தி கல்யாணத்தில் நீங்கள் டிஎஸ்எல்ஆரில் எடுத்துத் தள்ளிய படங்கள் இருக்கின்றனவே என்று எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அண்ணன் இருக்கிறார். பின்னாடி இருக்கிறார். பந்தி போடுகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டோ, மாமன் சீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டோ, சும்மாவோ நிற்கிறார். முன்னால் பொண்ணு காதில் ஜிமிக்கியின் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது, அண்ணன் மட்டும் கஞ்சி ஆவி மாதிரி இருக்கிறார். "பேக்ரவுண்ட அழகா மங்கலடிச்சிருக்கேன் பாருங்க மச்சான்" என்று நீங்கள் அன்றைக்குச் சந்தோசமாகக் காட்டினீர்களே, அந்த பேக்ரவுண்டு எங்க அண்ணன் மாப்பிள்ளை. உங்களைக் குத்தம் சொல்லலை. நானும் அன்னிக்கு அழகா இருக்குதுன்னுதான் சொன்னேன்.

மாதேஷ் அந்த ஆவியையே வாங்கிக்கொண்டு போனான். "ஏஐல போட்டா வந்துருங்க" என்றான். வந்தது. நல்ல செவப்பா, மொழுமொழுன்னு, பல்லெல்லாம் வரிசையா, டிவி சீரியல்ல நகைக்கடை வெச்சிருக்கற சித்தப்பனாட்டம் ஒரு ஆளு. சின்ன வயசுல நாய் கடிச்சு அண்ணனுக்கு ஒரு காது மடல் பாதிதான் இருக்கும், ஏஐ அதையும் வளத்திக் குடுத்துருச்சு. பொணத்தை வாசல்ல வெச்சுக்கிட்டு இந்தப் படம் வேண்டாம்னு சண்டை போட ஆருக்குத் தெம்பு இருக்குது? தெருமுனையில் கட்டிவிட்டான். நங்கையா அதை ஒரு தரம் பார்த்தார். "ஆருங்க இது?" என்றார்.

இனிமேல் எழுதப்போவதை உங்கள் அக்காவிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் அக்கா பாவாயி, செய்தி கேட்ட பதட்டத்தில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெருமுனையில் இறங்கியவர் பேனரைப் பார்த்திருக்கிறார், "அய்யோ பாவம், இந்த ஊர்ல இன்னொரு சாவு போலிருக்குது, எந்த ஊட்டுப் புள்ளையோ" என்று அந்த ஆளுக்காகவும் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, தம்பி தோட்டத்து வீட்டில்தானே கிடப்பான் என்று சேற்றுக்குள்ளேயே நடந்து போய்விட்டார். அங்கே பூட்டிய கதவு. குச்சிக்கிழங்குக் காட்டைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் எங்கயோ போயிருக்காங்க, வருவாங்கன்னு வாசப்படியில உக்காந்துக்கிட்டாங்க. நாங்க இங்க அக்கா வரட்டும் வரட்டும்னு வெச்சுப் பாத்தோம், மழை திரும்பக் கட்டுது, பெரியவங்க எடுங்கப்பான்னாங்க, எடுத்துட்டோம். மயானத்துல இருந்து திரும்பி, வெளக்கு வெக்கலாம்னு தோட்டத்து வீட்டைத் தொறக்கப் போனா, அக்கா உக்காந்திருக்காங்க. "தம்பி எங்கடா? இன்னும் கொண்டாரலையா?"ங்கறாங்க. சொன்னேன். என்னைக் கன்னத்துல ஒரு அறை விட்டாங்க மாப்பிள்ளை, பேரன் எடுத்தவன்னும் பாக்காம. அப்புறம் அவங்களே என் மேல சாஞ்சுக்கிட்டு, "தெருமுனையில பாத்தனேடா, அவன் ஆருடா? அவனுக்கு அழுதுட்டு வந்தனேடா" என்றார்.

அப்போதுதான் உங்கள் போன் வந்தது, "எல்லாரையும் ஒவ்வொரு படம் எடுத்து வெச்சிருங்க மச்சான்" என்றீர்கள், கேமராவும் அனுப்பினீர்கள். நானும் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் எதிர் வீட்டுச் சடையன். தறி ஓட்டி ஓய்ந்த மனுசன், படம் என்றதும் மீசையைச் சீவி, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார். படமும் அற்புதமாக வந்தது. அடுத்த வாரமே அவர் போய்விட்டார். அதே படத்தைத்தான் பேனரில் போட்டார்கள், ஊரே நின்று பார்த்தது, பார்த்தால் கூப்பிடலாம் போல இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு ஏழரை. காளியண்ணன் படம் புடிச்சா அடுத்தது பேனருதான்னு ஒரு பேச்சு. நான் தெருவுல எறங்குனா பெருசுங்க எல்லாம் கதவைச் சாத்துது. டீக்கடையில நான் போய் உக்காந்தா பெஞ்சு காலியாகுது. கோயில் பூசாரி கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கு இன்னும் ரெண்டு புள்ளைங்க கல்யாணம் பாக்கி இருக்குதுங்க"ன்னாரு. நங்கையாவை எடுக்கலாம்னு போனேன், கேமரா மூக்கைப் பாத்ததும், "ஏனுங் கொழுந்தனாரே, எனக்கும் நாள் குறிச்சுட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். சடையன் படத்தை இன்னொரு தரம் பெரிசு பண்ணிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் அவர் சம்சாரம் டீ டம்ளரோடு நின்றிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. படத்தில் அந்தம்மா இல்லை. ஒரு புகை நிற்கிறது, புகை கையில் ஒரு மினுக்கம், அது டம்ளர். இந்தக் கேமரா ஒருத்தரைப் பிடித்துக்கொண்டு மிச்சப்பேரை அழித்துவிடுகிறது. மறுநாளே சேலம் போய்க் கேமராக் கடையில் கேட்டேன். கடைக்காரர், "சின்ன கேமரா இப்ப ஆரும் கேக்கறதில்லீங்க, டிஎஸ்எல்ஆரே பாருங்க, மொபைல்லயே கூட பின்னாடி மங்கலாக்கலாம்" என்று அதையே பெருமையாகச் சொன்னார். நான் மங்கக்கூடாதுன்னு கேட்டு வந்தவனுங்க என்றேன். அவர் அலமாரிக்கு அடியில் இருந்து ஒன்றைத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். கடைக்குள்ளேயே ஒரு படம் எடுத்தேன். முன்னால் அவர், அவருக்குப் பின்னால் பில் போடுகிற பொண்ணு, வெளியே பூக்காரம்மா, ரோட்டுக்கு அந்தப்பக்கம் பஸ்சுக்கு நிற்கிறவர்கள், எல்லாரும் இருந்தார்கள். ஜிமிக்கிக் கல் தெரியாதுதான். ஆனால் ஆள் இருக்கிறார்கள் மாப்பிள்ளை, ஒருத்தர் பாக்கியில்லாமல். நாளைக்குப் போய் வாங்கி வருகிறேன். நீங்கள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கேமரா வாங்கினாலும் எங்கள் அண்ணன் படத்துக்கு இனி வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். குழந்தைக்கு எங்கள் ஆசியும் முத்தமும். அக்கா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
காளியண்ணன்

பி.கு.: கொரியருக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மயிலம்மாள் நங்கையா வந்தார். குளித்து, தலைவாரி, நல்ல சேலையாக ஒன்று கட்டியிருந்தார். "அந்தப் பெரிய கேமராவுலயே என்னெ எடுத்துருங்க கொழுந்தனாரே" என்றார். நான் மேலே எழுதிய அத்தனையும் சொன்னேன், சின்னதுதான் நல்லது, பெரிசில் பின்னாடி நிற்கிறவர்கள் மங்கிப்போவார்கள் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எம் பின்னாடி இனி ஆருங்க நிக்கப்போறாங்க, மங்கறதுக்கு?" என்றார். பெட்டியைப் பிரித்துவிட்டேன். கேமரா இங்கேயே இருக்கட்டும் மாப்பிள்ளை. சின்னது வாங்கவில்லை.