டெம்ப்ரவரியும் ஒத்தைச் செருப்பும்

பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது மனுஷனுக்கு ஆண்டவன் கொடுத்த பெரிய சௌகரியம். ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு செக்கிங் மாமாவுக்கு மட்டும் அதைக் கொடுக்க மறந்துவிட்டான். கல்யாண வீட்டில் யார் ரெண்டு பந்தியிலும் உட்கார்ந்தது, யார் வீட்டுக் குழாயில் யார் குடம் நிரம்பியது, எல்லாம் அவர் கண்ணில் படும். பட்டால் சும்மா இருக்க மாட்டார். 'நான் பார்க்கலை' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

மனுஷர் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸில் இருந்தபோது கிருஷ்ணன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ஏதாவது ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பாராம். பஸ் வந்ததும் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு பாய்வாராம். அரை டிக்கெட்டில் போகும் பையன்களை "எங்க, ஆ காட்டு" என்று பல்லைப் பார்த்தே வயசு சொல்லிவிடுவார். மீசை முளைத்தவனெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பயணம் செய்த காலம் அது.

கல்யாணமான புதுசில் அவருடைய சம்சாரம், நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம், தளவாய்புரத்துப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பலாப்பழத்தோடு பஸ்ஸில் வந்திருக்கிறாள். மாமா ஏறினார். "லக்கேஜ் டிக்கெட் எங்க?" என்றார். புதுப்பெண் வெட்கத்தில் சிரித்தாள். சிரித்தவளைப் பலாப்பழத்தோடு நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டார். "அன்னைக்கு எறக்கி விட்டாக ஏட்டி, இன்னும் நான் ஏறலை" என்பாள் அத்தை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாக்கப்பட்டு அந்தத் தெருவுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். வந்த மறுநாளே சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏத்தா, எந்த பஸ்ல வந்தீக? டிக்கெட்ட தூரப் போட்டுட்டியா?" என்று கேட்டார். கல்யாண வேனில் வந்தோம் என்று நிரூபிக்க போட்டோ கழுவி வந்ததும் என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு எவர் போவார்? ரிட்டயர் ஆனபிறகு அந்த வாசல்படியை மிதிக்க ஆளில்லை. டீக்கடைக்குப் போனால் பெஞ்சு காலியாகும். ஊருக்கே அவர்மேல் பயம், அவருக்கோ ஊர் மேல் சந்தேகம். அத்தைதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "எம்புட்டு வருசமாச்சு, 'என்னண்ணே சொகமா'ன்னு ஒருத்தன் உள்ள வந்து? ஒரு நாய்க்குட்டியாவது வரட்டும்" என்று அழுதாள். ஊர் ஊராக ஆள் வந்து வாங்கிப்போகும் நாய், நம் ஊர்க்காரருக்குக் கிடைக்காதா?

அய்யனார்கோயில் போகிற வழியில் மாந்தோப்புக்குள் ஒருத்தர் ராஜபாளையம் நாய் வளர்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எல்லோரும் நாய்க்காரர் என்போம். குட்டியைச் சும்மா தரமாட்டார், அவருக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். "இது ஒத்த ஆளுக்கு ஒட்டுற சாதி. ஒரு மாசம் கழிச்சு வந்து பாப்பேன். உங்ககூட வெளையாடுச்சுன்னா உங்க நாயி. இல்லேன்னா தூக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வெள்ளைவெளேரென்று ஒரு ஆண்குட்டி. ரோஸ் நிறத்தில் மூக்கு. மாமா வாங்கி வந்து வாசலில் இறக்கியதும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? குட்டியின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தது.

"நாய்க்காரன் வயசக் கொறைச்சுச் சொல்லியிருக்கான். எனக்குத் தெரியாதாக்கும்?"

குட்டி அவரை ஒரு பார்வை பார்த்தது. அப்படியே பின்னுக்கு நடந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது. அதோடு சரி.

பேர் வைக்கலாம் என்றாள் அத்தை. "கன்ஃபர்ம் ஆகாதவனுக்கு எதுக்குப் பேரு? டெம்ப்ரவரிதான?" என்றார் மாமா. அதுவே பேராகிவிட்டது.

டெம்ப்ரவரி விளையாடவில்லை. மாமா பந்தை உருட்டினார். குட்டி பந்தைப் பார்க்கவில்லை, உருட்டிய கையைப் பார்த்தது. பந்தில் ஏதோ கோளாறு என்று மாமாவுக்குச் சந்தேகம். கத்தியால் ரெண்டாக அறுத்து உள்ளே பார்த்தார். ஒன்றுமில்லை. பந்தும் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

ஆடிப்பூரத் தேருக்கு என் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனவர், தேரைப் பார்த்தாரோ என்னவோ, கடைவீதியில் அமுக்கினால் கத்தும் ரப்பர் வாத்து ஒன்றை வாங்கினார். "இது வீட்டுக்குப் போனாலும் கத்துமா, இங்க மட்டுந்தான் கத்துமா?" என்று கேட்டுக் கடைக்காரனை அழவைத்து, கூட்டத்துக்கு நடுவே செத்த நேரம் அமுக்கி அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து குட்டியின் காதோரம் அமுக்கினார். வாத்து கத்தியது. டெம்ப்ரவரி அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை.

கடைசியில் பால்கோவா. ஆயுசுக்கும் லஞ்சம் வாங்காத, கொடுக்காத மனுஷர், உள்ளங்கையில் பால்கோவாவை வைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் தவழ்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். குட்டி மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தியா? மாவு கலந்திருக்கான்! நாயிக்குத் தெரிஞ்சிருச்சு" என்றார் மாமா, தோற்றதையும் மறந்து.

"அதுக்கு எல்லாம் தெரியுது, உங்களையுந்தான் தெரிஞ்சு வச்சிருக்கு" என்றாள் அத்தை.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. தினமும் காலையில் பல்லைப் பார்க்கிற மனுஷரிடம் எந்தக் குட்டி ஒட்டும்? அவர் அதைச் சந்தேகப்பட்டார், அது அவரைச் சந்தேகப்பட்டது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. நாய்க்காரர் வரும் நாள் நெருங்க நெருங்க அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமாவின் இடதுகால் செருப்பு காணாமல் போனது.

தெரு அமளிதுமளிப்பட்டது. "ஒத்தச் செருப்ப எவன்டா எடுப்பான்? ஏதோ பெரிய திட்டம் இருக்கு!" வீடு வீடாக விசாரணை. என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கொஞ்சம் நொண்டி நடந்தார். காலில் முள். "இடதுகாலா, வலதுகாலா?" என்று மாமா குனிந்து பார்த்ததில் என் வீட்டுக்காரருக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா! அத்தை தோட்டம் கூட்டும்போது மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் செருப்பு கிடைத்தது. மாமாவுக்குச் சந்தேகம் ரெட்டிப்பானது. எடுத்தவன் ஏன் திருப்பி வைத்தான்?

மறுநாள் மத்தியானம் பொறி வைத்தார். செருப்பைப் பின்வாசலில் விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார். புளியமரத்துப் பழக்கம், மூச்சுக்கூடக் கேட்காது. நான் துணி காயப்போட வந்தவள் சுவரோரம் நின்றுவிட்டேன்.

கட்டிலுக்கடியிலிருந்து ரோஸ் மூக்கு நீண்டது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. ஆள் இல்லை என்று உறுதியானதும், டெம்ப்ரவரி செருப்பைக் கவ்வியது.

"ஏலே! ஹோல்டான்! ஹோல்டான்!"

பஸ்ஸை நிறுத்துகிற அதே குரலில் கத்திக்கொண்டு மாமா பாய்ந்தார். குட்டி ஓடியது. ஓடிப்போய் நின்று திரும்பி, முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. மாமா கிட்டே போனதும் மறுபடி ஓட்டம். முருங்கையைச் சுற்றி, தொட்டியைச் சுற்றி, கொடியில் கிடந்த வேட்டியைச் சுற்றி. ஒரு கட்டத்தில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. அந்த மனுஷருக்குப் பல் இத்தனை வரிசையாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் அவர் சிரித்து யார் பார்த்தது?

மூச்சிரைக்க நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார். சிரிப்பு அப்படியே அணைந்துவிட்டது.

"ஏத்தா, நீ எதுவும் பார்த்தியா?"

"நான் பார்க்கலையே மாமா."

சந்தேகமாக முறைத்துவிட்டு உள்ளே போனார். ஆனால் அடுத்த நாள் மத்தியானமும் பின்வாசலில் செருப்பு கிடந்தது. தோட்டத்துக் கதவை மட்டும் தாழ்போட்டுவிட்டார்கள். உள்ளேயிருந்து "ஹோல்டான்" சத்தம் மட்டும் வரும்.

சொன்னபடி நாய்க்காரர் வந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மாமா பிடிபடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நாய்க்காரர் கூடத்தில் உட்கார்ந்து, "ரா ரா" என்று கூப்பிட்டார். குட்டி வரவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பந்தை உருட்டினார். குட்டி கையைப் பார்த்தது. "நீங்க கூப்பிடுங்க" என்றார் மாமாவிடம். மாமா கூப்பிட்டார். அவ்வளவு ஜனத்தைப் பார்த்த மிரட்சியில் அது இன்னும் உள்ளே போனது.

"இல்லீங்க, வெளையாடும். நல்லா வெளையாடும்" என்றாள் அத்தை.

நாய்க்காரர் குனிந்து குட்டியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "ஒட்டலைங்க. வேற வீடு பாப்போம். தப்பா நெனைக்காதீங்க."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து தெருவைப் பார்த்தார். வாசல் வாசலாக நின்றவர்கள் எல்லாரும் அவரால் ஒருநாளாவது தலைகுனிந்தவர்கள். இவர்களுக்கு முன்னால் ஒரு நாய்க்குட்டியிடம் ஏமாறுவதா? ஏமாறிடுங்க மாமா, ஒரே ஒரு தடவை ஏமாறிடுங்க என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"எறக்கி விடுங்க" என்றார் மாமா. நாய்க்காரர் இறக்கினார். மாமா இடதுகால் செருப்பைக் கழற்றினார். அதைப் படியில் வைத்தார். ஊருக்கே முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னார்.

"நான் பார்க்கலை!"

டெம்ப்ரவரி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கவ்வியது. பறந்தது.

"ஏலே! டிக்கெட் எடுத்தியாலே? ஹோல்டான்!" மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒத்தைச் செருப்போடு நடுத்தெருவில் ஓடினார். குட்டி நின்று, வாலாட்டி, அவர் காலுக்கு நடுவே புகுந்து மறுபடி ஓடியது. தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா, தெரியாது.

"ஒட்டிருச்சு" என்றார் நாய்க்காரர். படியிறங்கிக் கீழே பார்த்தவர் திகைத்தார். "என் செருப்புல ஒண்ணக் காணோமே?"

தெருமுனையில் வெள்ளையாக ஒரு வால் திரும்புவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மாமா மூச்சிரைக்க வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "நான் பார்க்கலையே."

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் டெம்ப்ரவரி எங்கள் தெருவில் பர்மனென்ட்டாக இருந்தது, பேரை மட்டும் யாரும் மாற்றவில்லை. எங்கள் எல்லார் செருப்பும் போகும். சாயங்காலம் தேடிக்கொண்டு செக்கிங் மாமா வீட்டுக்குப் போவோம். "உள்ள வாங்க, வாங்க" என்பார். போனவர்கள் காபி குடிக்காமல் வந்ததில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு வர மறந்துபோய், மறுநாள் மறுபடி போனவர்களும் உண்டு.

இப்போது மாமாவும் இல்லை, டெம்ப்ரவரியும் இல்லை. நான் மகனோடு வெளியூரில், மூணாவது மாடியில் இருக்கிறேன். "செருப்ப வெளிய விடாதீங்க அத்தை, காணாமப் போயிரும்" என்று மருமகள் தினமும் சொல்கிறாள். நான் கேட்பதில்லை. ராத்திரி வெளியேதான் விடுகிறேன். காலையில் கதவைத் திறந்து பார்த்தால் ரெண்டும் விட்ட இடத்திலேயே இருக்கிறது. மனசுக்கு என்னமோ மாதிரி ஆகிவிடுகிறது.