மச்சான் வீட்டு டிராக்டர்

இரண்டு சுற்று உழுதுவிட்டுத் திரும்பும்போதுதான் ஈஸ்வரபாண்டி அந்த முள்ளைப் பார்த்தான். சூடு காட்டும் மீட்டரில் அது சிவப்புக் கோட்டின் கடைசியில் நின்றது.

எஞ்சினை அணைத்தான். டிராக்டர் சொந்தமாக இருந்திருந்தால் இவ்வளவு வியர்த்திருக்காது. அது அக்கா பாண்டீஸ்வரியின் கணவர் நல்லகண்ணுவுடையது. காலையில் சாவி கொடுக்கும்போதே மச்சான் சொல்லியிருந்தார்:

"போன தடவ தண்ணி மோட்டார வாங்கிட்டுப் போயி கருக்கிக் கொண்டாந்த. இதுல ஏதாச்சும் ஆச்சு, வெள்ளிக்கிழம சினேகாவ மடியில வைக்க வேற ஆளப் பாத்துக்கிருவேன் மாப்ள."

வெள்ளிக்கிழமை அக்கா மகள் சினேகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கும் ஒரே தாய்மாமன் ஈஸ்வரபாண்டி. அதற்கென்று எடுத்த பட்டுவேட்டியைத் தினமும் ஒருமுறை பீரோவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து, குமுளிக்கு ஜீப் ஓட்டும் சுருளிவேல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டினார். மலைப்பாதையில் அவர் ஜீப் கொதித்து நிற்காத மாதமே கிடையாது. அதனால் எஞ்சின் சூட்டில் கூடலூருக்கே அவர்தான் நிபுணர்.

"என்ன தம்பி, சூடா?"

"செவப்புல நிக்கிதுண்ணே."

"சாரமில்ல" என்றார். கேரளாவுக்குப் போய்வருவதால், கவலைப்படாதே என்பதை அவர் மலையாளத்தில்தான் சொல்வார்.

சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்கள். தண்ணீர் கழுத்துவரை இருந்தது.

"தண்ணி நெறைய இருக்கேண்ணே?"

"இருக்கு. ஆனா பழைய தண்ணி. எறக்கிட்டுப் புதுசா விடுவோம்."

சுருளிவேல் கீழே இருந்த குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது. பின்னாலேயே குழாயும் வந்தது.

"சாரமில்ல."

வேப்பங்குச்சியில் துணியைச் சுற்றி ஓட்டையை அடைத்து, வாய்க்கால் தண்ணீரை ஊற்றினார்கள். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். முள் அசையவில்லை.

ஈஸ்வரபாண்டி எஞ்சின்மேல் கையை வைத்தான்.

"ஜில்லுனு இருக்கேண்ணே. சுடவே இல்லயே?"

"அதான் ஆபத்து" என்று சுருளிவேல் குரலைத் தாழ்த்தினார். "உள்காய்ச்சல்."

உள்காய்ச்சலுக்குக் காரணம், எஞ்சினுக்குப் போகும் தண்ணீரைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் என்று கண்டுபிடிக்கப்பட்டது.

"இது குளிர் நாட்டுக்காரனுக்கு வச்சது தம்பி. நம்ம ஊரு வெயிலுக்கு என்னத்துக்கு?" என்று அதைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கழற்றியதில், தண்ணீர் கசியாமல் இருக்க அடியில் வைத்திருந்த கேஸ்கெட் அட்டை கிழிந்தது. ஜீப்பில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை அதே அளவுக்கு வெட்டி வைத்தார்கள். முகூர்த்த நேரம் மட்டும் வெளியே தெரிந்தது.

முள் சிவப்பிலேயே நின்றது.

"பேன் பெல்ட்டு தொய்வா இருக்கு. இழுத்து வைப்போம்."

இழுத்தார்கள். அறுந்தது.

"சாரமி..."

"அண்ணே, அந்தச் சொல்ல மட்டும் இனிமே சொல்லாதீக!" என்று ஈஸ்வரபாண்டி கும்பிட்டான். "மோட்டாருக்கே மச்சான் ஆறு மாசம் பேசல. அந்தப் புள்ள என்னய மாமானு கூப்பிடுறதே போன மாசந்தான் ஆரம்பிச்சிருக்கு."

சுருளிவேலுக்கும் மனது கேட்கவில்லை. ஓடிப்போய் சைக்கிள் டியூப் ஒன்றை வாங்கி வந்து, பெல்ட் இருந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். ஸ்டார்ட் செய்ததும் டியூப் ஒருமுறை சுற்றியது. பிறகு பறந்து தென்னைமரத்தில் மாட்டிக்கொண்டது.

விசிறி சுற்றாத எஞ்சின் சற்று நேரம் பொறுமையாக ஓடியது. பிறகு புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அன்றைக்கு முதல்முறையாக.

"பாத்தியா?" என்றார் சுருளிவேல் பெருமையாக. "உள்ள இருந்த சூடு வெளிய வர ஆரம்பிச்சிருச்சு."

சூடு முழுவதும் வெளியே வந்தது. கூடவே வேப்பங்குச்சியும் வந்தது. டிராக்டர் நின்றுவிட்டது.

ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். குமுளிக்கு ஏறியிருந்த பயணிகள் நான்கு பேர், முடிவு தெரியாமல் இறங்க மாட்டோம் என்று அதிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மச்சான் வீட்டு வாசலில் பந்தக்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். நல்லகண்ணு கடப்பாரையோடு நிமிர்ந்து பார்த்தார். டிராக்டரின் மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஈஸ்வரபாண்டியின் கண்ணிலிருந்தும்தான்.

"மச்சான், நான் ஒண்ணும் பண்ணல. ரெண்டு சுத்துதான் உழுதேன். முள்ளு செவப்புக்குப் போயிருச்சு. அதச் சரிபண்ணப் போயித்தான்..."

நல்லகண்ணு வாயைத் திறந்தார். 'முள்ளு' என்ற சொல் காதில் விழுந்ததும் மூடிக்கொண்டார். பந்தக்கால் நேராக இருக்கிறதா என்று மேலே பார்க்க ஆரம்பித்தார்.

"நீங்க திட்டுங்க மச்சான், வாங்கிக்கிறேன். புள்ளைய மட்டும் வேற ஆளு மடியில வச்சிராதீக."

நல்லகண்ணு இன்னும் பந்தக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து ஈரக்கையோடு பாண்டீஸ்வரி வந்தாள். ஒழுகும் டிராக்டரைப் பார்த்தாள். அழும் தம்பியைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏலே, கண்ணத் தொட. வெள்ளிக்கிழம நீதான் மடியில வைக்கிற. ஓசிக்கு வாங்கிட்டுப் போறவுக பயந்துபோயிப் பாதியிலயே கொண்டாந்து விடட்டும்னு, அந்த முள்ளச் செவப்புல பசை போட்டு ஒட்டி வச்சதே ஒங்க மச்சான்தான்டா!"