கைக்கு?

"கைக்கு?" என்று கேட்டார் மரவேலை வாத்தியார் குத்புதீன்.

பத்ரிநாராயணன் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அவர் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: "என் பொண்ணு ஸ்ரேயாவை இந்த வகுப்பிலேருந்து விட்டுடுங்கோ. கம்ப்யூட்டர்ல சேர்க்கணும்." பிளஸ் ஒன்னில் தச்சு வேலையைப் பாடமாக எடுத்திருந்தாள் ஸ்ரேயா. மாற்றிக்கொள்ள இன்றுதான் கடைசி நாள். வாத்தியார் சரி என்றால் மாற்றித் தருவதாகப் பள்ளி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இங்கிலீஷுக்கு வாத்தியார் கையை விரித்துவிட்டதால் பத்ரி தமிழில் இறங்கியிருந்தார்.

ஹைதராபாத்தில் 'கைக்கு' என்றால் 'எதற்கு' என்று அர்த்தம். கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகியும் பத்ரிக்கு அது தெரியாது. ஆபீசில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், காய்கறிக்காரனிடம் மனைவி ரமணி. அவர் கற்றது இரண்டே சொல்: ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"நீ சொல்லேன்டி இவர்கிட்ட" என்றார் மகளிடம்.

"நான் எதுக்குச் சொல்லணும்? எனக்கு இந்தக் கிளாஸ் வேணும். வேண்டாங்கறவா பேசிக்கட்டும்."

பத்ரி வாத்தியாரிடம் திரும்பினார். "ஹவ் சார், கைக்குத்தான்! பாருங்கோ, எப்படிக் காய்ச்சுக் கிடக்கு!" மகளின் உள்ளங்கையைப் பிடித்து நீட்டினார்.

குத்புதீன் அந்தக் கையைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய இழைப்புளியை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார்.

"ஐயோ, நக்கோ, நக்கோ!" பத்ரி இழைப்புளியைத் தள்ளினார்.

வாத்தியார் புரிந்ததுபோல் தலையாட்டினார். இழைப்புளியோடு ஒரு உளியும் சேர்ந்தது.

"நிறுத்துப்பா. நீ பேசப் பேச எனக்கு வேலை ஏறிண்டே போறது" என்றாள் ஸ்ரேயா.

"சார்! கம்ப்யூட்டர்! கம்ப்யூட்டர்!" பத்து விரலாலும் காற்றில் தட்டிக் காட்டினார் பத்ரி.

"கம்ப்யூட்டர்?" குத்புதீன் யோசித்தார். பிறகு தொடையில் தட்டினார். "ஹவ், ஹவ்! கம்ப்யூட்டர் டேபிள்!"

நாலு கால், நாலு சட்டம், ஒரு பலகை வந்து இறங்கின. காற்றில் தட்டிக்கொண்டிருந்த பத்ரியின் கைகளைப் பிடித்துப் பலகையின் மேல் அழுத்தினார் வாத்தியார். "பகடோ!"

அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. பத்ரி பிடித்துக்கொண்டார்.

ஸ்ரேயா இழைக்க ஆரம்பித்தாள். பலகையைப் பிடித்திருப்பவனுக்கு ஒவ்வொரு தள்ளும் உள்ளங்கையில் தெரியும். அவள் கையால் தள்ளவில்லை. பின்னங்காலை ஊன்றி இடுப்பிலிருந்து தள்ளினாள். சீவல் அறுபடாமல் சுருண்டு அவர் ஷூ மேல் விழுந்தது. மூக்கு நுனியில் வியர்வை நின்றது. துடைக்கவில்லை. வீட்டில் தண்ணி கேனைத் தூக்கச் சொன்னால் முதுகுவலி என்பவள்தான் இவள்.

அப்புறம் உளியால் ஒரு காலில் துளை எடுத்தாள். சட்டத்தின் முனையை அதில் வைத்தாள். போகவில்லை. சுத்தியலால் அடித்து ஏற்றுவாள் என்று பத்ரி நினைத்தார். அவள் முனையில் ஒரு மயிரிழை சீவினாள். மறுபடி வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு. உட்கார்ந்துகொண்டது.

"ஆணி?" என்றார் பத்ரி.

"வேண்டாம்."

"பசை?"

"இழுத்துப் பாரேன்."

இழுத்தார். பெஞ்சில் காலை ஊன்றி இழுத்தார். சட்டையின் அக்குள் தையல்தான் விட்டது. இத்தனை வருஷ உத்தியோகத்தில், ஒருத்தன் பிடித்து இழுத்தும் அசையாத ஒரு காரியத்தைத் தான் செய்ததாக அவருக்கு ஞாபகம் வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். இந்தத் தடவை கழற்றுவதற்காக அல்ல.

மணி அடித்தது.

"ஆபீஸை மூடிடுவாப்பா" என்றாள் ஸ்ரேயா. குரலில் பழைய குத்தல் இல்லை. "என்ன சொல்லப் போறே?"

பத்ரி தலையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். அந்தச் சட்டத்தைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"என்னத்தைச் சொல்றது? இந்த மனுஷருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியலை. பொழுது விடிஞ்சதிலேருந்து கத்திப் பார்த்தாச்சு. விடு, இங்கேயே படி. டேபிளை முடிச்சு வீட்டுக்குக் கொண்டுவா, ஹால்ல போடலாம்."

குத்புதீன் ஸ்ரேயாவிடமிருந்து உளியை வாங்கிக் கீழே வைத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆம்பூர்ல பிறந்து வளர்ந்தவன், இதுக்கு மேல ஒரு நிமிஷம் தமிழ் தெரியாத மாதிரி நின்னிருக்க முடியாது."