குமரிமுனைக்குக் கீழே ஓர் அடைப்பு

நர்மதா மாதா துணை

ஜபல்பூர்,
ஆகஸ்ட் 19.

சிரஞ்சீவி தம்பி நிஷிகாந்துக்கு, அண்ணன் உமாகாந்த் கரே மனம் குளிர்ந்து எழுதும் ஆசீர்வாதம். உனக்கும் அபர்ணாவுக்கும் சகல மங்களமும் உண்டாகட்டும். இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சௌக்கியம். நாலு நாளாக நம் வீட்டுக் கழிப்பறையில் ஊற்றுகிற தண்ணீர் கடகடவென்று இறங்குகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சும்மா போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டு அபர்ணாவையும் கேட்க வைப்பாய். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் கட்னியில் இருக்கும் உன் அண்ணியின் அக்கா வரை படித்துவிடுவாள். கடிதமாக எழுத இன்னொரு காரணமும் உண்டு, அது கடைசியில் தெரியும்.

ஹோலிக்கு நீ பேசினபோது நம் முன்சுவரை வீடியோவில் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? சந்தில் போகிற ஆண்பிள்ளை ஒருவன் பாக்கியில்லாமல் அந்தச் சுவரைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவான். குட்கா போடுகிறவர்கள் துப்பித் துப்பி அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு நீ முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தாய். "அண்ணா, நம்ம ஜனங்களுக்குப் பொறுப்புங்கிறதே கிடையாது. இங்க சிங்கப்பூர்ல ஒரு காகிதம் கீழ விழுந்தா, போட்டவனே ஓடி வந்து எடுப்பான்" என்றாய். நான் இல்லை என்று சொல்லவில்லையே! கடைசியில், "நம்மாளுங்க சாமிக்கும் தேசத்துக்கும்தான் அடங்குவாங்க, சுவத்துல ஏதாவது வரைஞ்சு வை" என்று யோசனையும் நீதான் சொன்னாய். சாமி வேண்டாம் என்று நான் முடிவு செய்தேன். பின்சந்தில் குப்தா சாமிப்படம் போட்ட டைல்ஸ் ஒட்டினார், ஆறே மாதத்தில் மணி வந்தது, பூசாரி வந்தார், இப்போது குப்தா தன் வீட்டுக் கேட்டைத் திறக்கவே செருப்பைக் கழற்றுகிறார். ஆகவே தேசம். பெயிண்டரை வைத்து ஆறடி உயரத்துக்கு இந்திய வரைபடம், மூன்று நிறத்தில், அம்சமாகப் போட்டாயிற்று.

என்ன சொல்வேன் தம்பி, மறுநாள் காலையே பலன் தெரிந்தது. ஒருவன் வழக்கம்போல வேகமாக வந்தான், நின்றான், நிமிர்ந்தான், படத்தைப் பார்த்தான். அவசரம் அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் நெற்றியில் கை வைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே பக்கத்துவீட்டுப் படேரியாவின் சுவருக்குப் போய்விட்டான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. படேரியா மட்டும் சண்டைக்கு வந்தார். "உங்க தேசபக்தி என் சுவத்துல வந்து ஒழுகுது கரே ஜி, இது நியாயமா?" என்றார். அப்போதுதான் எதிர்வீட்டு ஆதிமூலம் வந்து படத்தை மேலும் கீழும் பார்த்தார். அவர் நாகர்கோவில்காரர், தொழிற்சாலையில் ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். "தீவெல்லாம் எங்க? தீவில்லாம தேசப்படம் போட்டா கேஸாயிடும், தெரியுமில்ல?" என்று ஒரு குண்டைப் போட்டார். அன்று சாயங்காலமே பெயிண்டரைத் திரும்பப் பிடித்து வந்தேன். நம் சுவரில் இடமில்லாததால் லட்சத்தீவு நம் கேட்டுத் தூணிலும், அந்தமான் படேரியாவின் சுவரிலும் ஏறின. படேரியாவுக்கும் பரம திருப்தி. இரண்டு சுவரும் காய்ந்து கிடந்தன. அதற்கப்புறம் அந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்று நானும் கேட்கவில்லை, படேரியாவும் கேட்கவில்லை.

ஜூலையில் மழை பிடித்ததும் நம் வீட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டது. ஊற்றினால் இறங்கவில்லை, ஊற்றாவிட்டால் மேலே வந்தது, இதற்குமேல் நான் விவரிக்க விரும்பவில்லை. பிளம்பர் லல்லன் வந்து மூங்கில் பட்டையை விட்டுக் குடைந்துவிட்டு, குழாய் முன்சுவருக்குக் கீழே வளைந்து திரும்புகிறது, அடைப்பு அந்த வளைவில், சுவரின் அடியை ரெண்டடி உடைத்தால் ஒரு மணி நேர வேலை என்றான். உடை என்றேன். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவன் அப்படியே திரும்பி வந்தான். "பாபுஜி, வளைவு சரியா குமரிமுனைக்குக் கீழ இருக்கு. நான் இந்தியாவுல கடப்பாரைய வெக்கிறேன், எவனாவது போன்ல படம் எடுத்துப் போடுறான், அப்புறம் என் பொண்டாட்டி புள்ளைங்களை நீங்களா பாப்பீங்க?" என்றான். நானே உடைக்கலாம் என்று போனால் எதிரே ஆதிமூலம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "அவ்ளோ பெரிய தேசத்துல உடைக்கிறதுக்கு எங்க ஊர்தான் கெடச்சுதா?" என்று கேட்டார். "குழாய் அங்கதான் போகுது சார்" என்றால், "எல்லாக் கஷ்டமும் எப்பவும் கோடியில இருக்கிறவனுக்குத்தான்" என்று பெருமூச்சு விட்டார். சுண்ணாம்பு அடித்து மறைக்கலாமே என்றேன். தேசத்தின் மேல் சுண்ணாம்பா என்று படேரியா காதைப் பொத்திக்கொண்டார். மூன்று ஆபீசுக்குப் போனேன். ஒரு இடத்தில் படம் என்றால் எங்கள் இலாகா இல்லை என்றார்கள், இன்னொரு இடத்தில் சாக்கடை என்றால் எங்கள் இலாகா இல்லை என்றார்கள், மூன்றாவது இடத்தில் இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு எழுந்து நின்று, "ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார். நம் சந்தில் நாட்டுக்காக உயிரைக் கொடுக்க நாற்பது பேர் ரெடி, நிஷி. சாக்கடை மூடியைத் தூக்க ஒருத்தனும் கிடையாது.

நாலாம் நாள் உன் அண்ணி பெட்டியைக் கட்டிவிட்டாள். "படம் வேணுமா, நான் வேணுமான்னு முடிவு பண்ணிட்டு சொல்லுங்க. தண்ணி எறங்குற சத்தம் காதுல விழுந்தாதான் நான் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு, கட்னிக்கு, ரயிலேறிவிட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படிப் போனதே இல்லையடா. நான் விடியற்காலையில் ஸ்டேஷன் வரை நடப்பேன், ரயில்வே பழக்கம், அங்கே முதல் பிளாட்பாரத்துக் கழிப்பறையில் எனக்கு இன்னமும் மரியாதை உண்டு. ஆனால் மற்ற வேளைக்கு என்ன செய்வது? என் வயசுக்கு ஒன்றரை மணிக்கொரு தரம் போயாக வேண்டும் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். படேரியா வீட்டில் நாலு தரம், ஆதிமூலம் வீட்டில் மூன்று தரம், அதற்குமேல் கேட்க நாக்கு எழவில்லை. ஒரு நாள் மத்தியானம் கடைத்தெருவிலிருந்து வரும்போது நடுவழியில் பிடித்துக்கொண்டது. சந்து முழுக்கத் தேடினேன், ஒதுங்க ஒரு இடம் கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனானே அந்தப் பாவி, அவன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவனை நான் திட்டின திட்டையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இப்படி மூன்று வாரம் போயிற்று, ஆகஸ்ட் பதினைந்து வந்தது. இந்த வருஷம் கொடியேற்றம் நம் சுவருக்கு முன்னால்தான் என்று சந்துக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கவுன்சிலர் அம்மா வந்தார், பூந்தி லட்டு வந்தது, நாற்பது பேர் கூடினோம். சுவரை ஒட்டி முதல் வரிசையில் நானும் ஆதிமூலமும் படேரியாவும். கொடி ஏறியது, தேசிய கீதம் ஆரம்பித்தது. ரெண்டாவது வரியில் என் செருப்புக்குக் கீழே மண் அசைந்தது. மூன்று வாரத் தண்ணீர் கீழேயே ஊறி நிற்கிறதல்லவா, குமரிமுனையில் ஒரு செங்கல் பிதுங்கி வெளியே வந்தது. அப்புறம் முழுச் சுவரும் எங்கள் பக்கம் மெல்லத் தலையைச் சாய்த்தது. ஓடவேண்டியதுதானே என்பாய். எப்படியடா ஓடுவது, கீதம் பாடிக்கொண்டிருக்கிறதே! நாற்பது பேரும் விறைப்பாக நிற்கிறோம், கண் மட்டும் சுவரின் மேல். ஆதிமூலம் உதட்டை அசைக்காமல், "கரே ஜி, சாயுது" என்றார். "தெரியுது, பேசாதீங்க, பாதிதான் ஆகியிருக்கு" என்றேன். படேரியா கண்ணை மூடிக்கொண்டு கண்ணீர் விட்டுப் பாடினார். வழக்கமாக நம் சந்தில் கீதத்தை இழுத்து இழுத்து ஒன்றரை நிமிஷம் பாடுவோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக முறைப்படி ஐம்பத்திரண்டு வினாடியில் முடித்தோம், ஒன்றிரண்டு வினாடி முன்னாலேயே கூட இருக்கும். கடைசி 'ஹே' வாயை விட்டு வருவதற்குள் நாற்பது பேரும் பின்னால் தாவிவிட்டோம், சுவர் தொபுக்கென்று விழுந்தது. நர்மதா மாதா புண்ணியத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு தட்டு லட்டுதான் போயிற்று.

படேரியாதான் முதலில், "யாரும் ஒடைக்கல. எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்றார். "தானாத்தான் விழுந்துச்சு, நானே சாட்சி" என்றார் கவுன்சிலர் அம்மா. "எங்க ஊரு மட்டும் இல்ல, மொத்தமா விழுந்திடுச்சு, அதனால எனக்கு வருத்தமில்ல" என்றார் ஆதிமூலம். கூட்டம் முழுக்க மூச்சு விட்டது தம்பி, அந்த மாதிரி ஒரு மூச்சை நான் கேட்டதே இல்லை. லல்லன் எங்கிருந்தோ கடப்பாரையோடு குதித்தான், வாயில் லட்டு. "இப்ப சுவர் கெடையாது பாபுஜி, செங்கல்தான். செங்கல்லை எடுக்க யாரையும் கேக்க வேணாம்!" அரை மணியில் குழாயைத் திறந்து கையை விட்டு இழுத்தான். என்ன வந்தது தெரியுமா? கொடி. போன வருஷம் வாங்கிய குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் கொடிகள், கட்டுக் கட்டாக. "பத்துப் பத்தா சணல்ல கட்டி வேற போட்டிருக்கான் பாவி, எவனோ ரொம்ப நேர்த்தியான ஆளு" என்று லல்லன் முடிச்சைப் பார்க்க ஆரம்பித்தான். நான் சும்மா விடவில்லை. உடைந்த சுவரின் மேல் ஏறி நின்று ஒரு பிடி பிடித்தேன். "ஒரு நாள் கையில பிடிக்கிறீங்க, மறுநாள் தெருவுல போடுறீங்க, கடைசியில அது எங்க வந்து சேருது பாத்தீங்களா? இதுதான் உங்க தேசபக்தியா? இதுக்கு நீங்கள்ளாம் பொறுப்பில்லையா?" என்று கேட்டேன். ஒருத்தர் தலை நிமிரவில்லை. படேரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுப் பசங்க நாலு கொடிய வாசல்ல போட்டுட்டு வந்தது வாஸ்தவம்தான்" என்றார். ஆதிமூலம் தன் ஸ்கூட்டரிலிருந்து ஒன்று பறந்து போனதை ஒப்புக்கொண்டார். கவுன்சிலர் அம்மாவே கூட்டத்தில் விநியோகித்ததை எண்ணி வாங்கவில்லை என்றார். எல்லோரையும் மன்னித்தேன். மன்னித்த சூட்டிலேயே, சந்து முனையில் ஒரு பொதுக் கழிப்பறை வேண்டும் என்று மனு எழுதி நாற்பது கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் வேலை ஆரம்பம் என்று கவுன்சிலர் அம்மா அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

அப்புறம் உள்ளே போனேன், வாளியை எடுத்தேன், ஊற்றினேன். இறங்கியது! உடனே உன் அண்ணிக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் போனை அங்கே நீட்டி இன்னொரு வாளி ஊற்றினேன். "கேட்டுது, கேட்டுது, சாயங்கால வண்டிக்கு வரேன்" என்றாள். வரும்போது பால்கோவாவில் செய்த கோயா ஜிலேபி வாங்கி வந்தாள். புதுச் சுவர் எழும்புகிறது, அதில் ஒன்றும் வரைவதாக இல்லை. அந்தமானும் லட்சத்தீவும் மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே தம்பி, பொறுப்பில்லாத ஜனங்கள் என்று இனிமேல் போனில் சொல்லாதே. எடுத்துச் சொல்ல ஒருத்தன் இருந்தால் நம்மவர்கள் கேட்கிறார்கள். அப்படி ஒருத்தன் உன் அண்ணன் என்பதில் நீ பெருமைப்படலாம்.

அபர்ணாவுக்கு என் அன்பைச் சொல். குழந்தைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, அடைப்பு எதுவும் இல்லாத வாழ்வு வாழ நர்மதா மாதா அருள்வாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
உமாகாந்த் கரே
(ரயில்வே பார்சல் ஆபீஸ், ஓய்வு)

பி.கு.: அந்தச் சணல் முடிச்சு பார்சல் ஆபீஸ் முடிச்சு. ஜபல்பூரில் அதைப் போடத் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். போன வருஷம் பதினாறாம் தேதி காலையில் சந்தில் கிடந்த கொடிகள் மிதிபடக்கூடாதே என்று குனிந்து குனிந்து பொறுக்கினேன். குப்பையில் போட மனசு வரவில்லை, எரித்தால் நாறும், யாராவது பார்த்தால் வம்பு, வீட்டில் வைக்க உன் அண்ணி விடவில்லை. கேட்டுப் பக்கத்தில் அப்பா காலத்து மூடித்தொட்டி ஒன்று இருக்கிறதே, அது பயனில்லாதது என்று நினைத்து, பத்துப் பத்தாகக் கட்டி, கும்பிட்டு, உள்ளே இறக்கி மூடிவிட்டேன். அதற்கு நம் குழாயோடு தொடர்பு உண்டென்று எனக்கென்ன தெரியும்? லல்லன் முடிச்சைப் பார்க்க ஆரம்பித்ததால்தான் நான் அவ்வளவு சத்தம் போட வேண்டி வந்தது. இது நர்மதா மாதாவுக்கும் எனக்கும், இப்போது உனக்கும் மட்டும்தான் தெரியும், அண்ணி காதில் விழுந்தால் மறுபடி கட்னிதான். கொடிகளை என்ன செய்வது என்று அன்றைக்கே பேச்சு வந்தது. கரே ஜி பொறுப்பான ஆள், அவரிடமே இருக்கட்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வேப்பிலைத் தண்ணீரில் அலசி, காயவைத்து, வெள்ளைத் துணியில் தைத்து, அரக்கு வைத்து, இந்தக் கடிதத்தோடேயே அனுப்பியிருக்கிறேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. உங்கள் ஊரில்தான் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டே, முறைப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய். மேலே 'அன்பளிப்பு' என்று எழுதியிருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடாதே, அனுப்புகிறவர் விலாசத்தில் படேரியாவின் பெயரைப் போட்டிருக்கிறேன்.